நீதிமன்றம் ஏறிய நாவல்



1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள். பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூவர். ஒருவர் கதை எழுதியவர். ஒருவர் அதை இதழில் வெளியிட்டவர். மற்றவர் அச்சிட்டுக் கொடுத்தவர். அவர்கள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு நாவலை மக்கள் கையில் கொடுத்தார்கள். அந்த நாவல் பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் இழுக்கு என்பதே அரசாங்கத்தின் குற்றச்சாட்டு.

நாவலின் பெயர் 'மதாம் பொவாரி'. நம் வழக்கில் 'திருமதி பொவாரி' எனலாம். எழுதியவர் குஸ்தாவ் ஃபிளாபேர். புது மோஸ்தர் ஆடைகளின் மேல் ஆசை கொண்ட ஒரு பெண். அவளுக்குச் சலித்துப்போன இல்லறம். கணவனுக்குத் தெரியாத கள்ள உறவு. முடிவில் தலைக்கு மேல் கடன். இதுதான் கதை. இதைப் படித்த வழக்கறிஞர்கள் என்ன சொன்னார்கள், அறிஞர்கள் என்ன சொன்னார்கள், வீட்டில் இருந்து படித்த ஒரு பெண்மணி என்ன சொன்னார் என்பதை இன்று காண்போம். அவர்கள் அதிகம் பேசாமல் விட்ட ஒரு செய்தியும் இந்நூலில் உண்டு. குடும்பம் நடத்தும் நமக்கு அதுவே முக்கியமானது என்று நான் கருதுகிறேன்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். ஃபிளாபேர் 1821இல் பிரான்சின் வடபகுதியாகிய நார்மண்டியில், ருவான் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகர மருத்துவமனையின் அறுவை மருத்துவர். 1851 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1856 ஏப்ரலில்தான் இந்த நாவலை முடித்தார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! எழுதிய வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்ப்பார். காதுக்கு ஒவ்வாவிட்டால் அடித்துவிட்டு மீண்டும் எழுதுவார். கதை நிகழும் காலம், லூயி பிலிப் மன்னர் ஆண்ட காலம். அந்த ஆட்சி 1830 முதல் 1848 வரை நடந்தது. ஆகவே, தம் இளமைக் காலத்து நாட்டுப்புற வாழ்க்கையையே அவர் வரலாறுபோலப் பதிந்து வைத்தார் எனலாம்.

கதைக்கு வருவோம். எம்மா ஒரு குடியானவரின் மகள். ருவானில் கன்னிமாடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே இருந்தபோது காதல் கதைகளை ஒளித்து வைத்துப் படித்தாள். சார்ல் பொவாரி என்னும் நாட்டுப்புற மருத்துவர் அவளை மணந்தார். அவர் நல்லவர், மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால், சாமர்த்தியமாகப் பேசத் தெரியாதவர். ஒரு நாள் பக்கத்துப் பிரபுவின் மாளிகையில் நடந்த விருந்துக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. அங்கே பட்டாடைகளையும் வைரங்களையும் நடனத்தையும் கண்டது முதல் எம்மாவுக்குத் தன் வீடு பிடிக்கவில்லை. பாரிஸிலிருந்து வரும் பெண்கள் இதழ்களைத் தருவித்தாள். எந்தத் தையற்காரர் கைதேர்ந்தவர், எந்தப் புதுக் கடை திறந்தது என்றெல்லாம் படித்தாள். பாரிஸ் நகர வரைபடம் ஒன்றை வாங்கி, அதன்மேல் விரலை ஓட்டிக் கற்பனையிலேயே தெருத் தெருவாக நடந்தாள்.

அக்காலத்தில் இத்தகைய இதழ்கள் பிரான்சின் நாட்டுப்புறங்களுக்கும் தபாலில் போய்ச் சேர்ந்தன. வண்ணம் தீட்டிய உடைப் படங்கள் அவற்றில் வரும். பாரிஸை ஒருபோதும் பார்க்காத பெண்ணும் பாரிஸ் பெண் என்ன உடுத்துகிறாள் என்பதை அறிந்தாள். ஆசை பாரிஸ் அளவுக்கு வளர்ந்தது; வருமானம் மட்டும் கிராமத்து அளவிலேயே நின்றது.

பிறகு ஊர் மாறினார்கள். பெர்த் என்ற பெண் குழந்தை பிறந்தது. ரொதோல்ஃப் என்னும் நிலக்கிழார் எம்மாவை ஆசை வார்த்தைகளால் மயக்கி, பின்பு கைவிட்டார். அடுத்து லெயோன் என்னும் இளைஞனோடு உறவு உண்டானது. பியானோ கற்றுக்கொள்ளப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு, வியாழக்கிழமைதோறும் ருவானுக்குப் போய் அவனைச் சந்தித்தாள்.

"பிடிக்காத கணவனை முறைப்படி விட்டு விலகியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் அந்நாட்டுச் சட்டத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி தந்த மணவிலக்கு உரிமை 1816இல் எடுக்கப்பட்டது. 1884இல்தான் மீண்டும் வந்தது. 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த சட்டத் தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்தது. கணவனின் அனுமதி இல்லாமல் அவள் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட முடியாது. 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமோ இன்னும் விந்தையானது. மனைவி நெறி தவறினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் நெறி தவறினால், வேறொருத்தியைத் தன் குடும்ப வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால்தான் குற்றம்; அதற்கும் அபராதம் மட்டுமே. தவறு ஒன்று, தராசு இரண்டு! எம்மா செய்தது சரி என்று சொல்ல இதை நான் கூறவில்லை. அவள் எப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்தாள் என்பதை உணர்த்தவே கூறுகிறேன்.

'ரெவ்யூ தெ பாரி' என்னும் இதழில் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கதை தொடராக வந்தது. இதழாசிரியர்களே அஞ்சிச் சில பகுதிகளை வெட்டினார்கள். அப்படியும் வழக்கு வந்தது.

அரசாங்க வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். அவர் நாவலிலிருந்து நான்கு காட்சிகளை எடுத்துக்கொண்டார். ரொதோல்ஃபுடன் கொண்ட உறவு ஒன்று. அதன்பின் வந்த பக்திக் காலம் இரண்டு. லெயோனுடன் கொண்ட உறவு மூன்று. எம்மாவின் மரணம் நான்கு. இந்தப் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று அவர் கேட்டார். இளம் பெண்கள் படிப்பார்கள், மணமான பெண்களும் படிப்பார்கள், அவர்கள் மனம் கெடும் என்பது அவர் கருத்து. கதையில் எம்மாவைக் கண்டித்துப் பேசும் பாத்திரம் ஒன்றுகூட இல்லையே என்பது அவருடைய வலுவான வாதம்.

ஃபிளாபேருக்காக வாதாடியவர் செனார். அவர் 1848இல் தேசிய சபையின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். தீமையின் கோரத்தைக் காட்டி வாசகரை நன்மையின் பக்கம் திருப்பும் நூல் இது என்றார் அவர். இந்தப் பெண்ணின் முடிவைப் படித்த எவரும் அவளைப்போல வாழ ஆசைப்படுவார்களா என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

பிப்ரவரி 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மூவரும் விடுதலை. ஆனால், இலக்கியத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, அதை ஆசிரியர் போதிய அளவு கருதவில்லை என்று நீதிமன்றம் கண்டிக்கவும் செய்தது. ஏப்ரல் மாதத்தில் நாவல் இரண்டு பாகங்களாகப் புத்தக வடிவில் வந்தது. ஃபிளாபேர் அதைச் செனாருக்குக் காணிக்கையாக்கினார். வழக்கே விளம்பரம் ஆயிற்று. புத்தகம் வேகமாக விற்றது. ஐந்து ஆண்டுக் காலப் பதிப்புரிமைக்கு ஆசிரியர் பெற்ற தொகை 800 பிராங்க். இந்தத் தொகையைச் சற்று நினைவில் வையுங்கள்.

இனி, மற்ற வாசகர்களைப் பார்ப்போம். சேன்ட் பேவ் என்பவர் அக்காலத்தின் தலைசிறந்த திறனாய்வாளர். 1857 மே மாதத்தில் அவர் எழுதிய கட்டுரையில், மருத்துவர் வீட்டுப் பிள்ளையாகிய ஃபிளாபேர், அறுவைக் கத்தியைப் பிடிப்பதுபோல எழுதுகோலைப் பிடிக்கிறார் என்று பாராட்டினார். ஆனால், கதையில் நன்மைக்கு இடமே இல்லையே, வாசகருக்கு ஆறுதல் தரும் நல்ல உள்ளம் ஒன்றைக் காட்டியிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டார். கவிஞர் பொதலேர் அதே ஆண்டு அக்டோபரில் எழுதினார். ஆசிரியர் தாமே குறுக்கே வந்து நீதி சொல்லத் தேவையில்லை. கதையின் போக்கே போதும். முடிவு கட்ட வேண்டியவர் வாசகரே என்பது அவர் கருத்து. இந்தக் கவிஞர்மீதும் அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் வழக்கு நடத்தினார். கவிஞருக்கு 300 பிராங்க் அபராதம் விழுந்தது. அவருடைய ஆறு கவிதைகளுக்குத் தடையும் வந்தது.

இவர்கள் பெயர் பெற்றவர்கள். சாதாரண வாசகர் என்ன நினைத்தார்? ஆன்ஜே என்னும் ஊரில் லெருவாயே தெ ஷான்த்பீ என்னும் அம்மையார் இருந்தார். மணமாகாதவர், வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். தொடர்கதையைப் படித்துவிட்டு, 1856 டிசம்பரில் முன்பின் அறியாத ஃபிளாபேருக்குக் கடிதம் எழுதினார். தாம் பிறந்து வாழும் நாட்டுப்புறத்தின் நடைமுறைகளையே இந்தக் கதையில் காண்பதாகவும், எம்மாவின் துயரத்தைத் தம்மால் முழுதும் உணர முடிவதாகவும் சொன்னார். ஃபிளாபேர் மதித்துப் பதில் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்து 1876 வரை நீடித்தது. ஆயினும் இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. பெண்கள் படித்தால் கெட்டுப்போவார்கள் என்றார் அரசாங்க வழக்கறிஞர். இந்தப் பெண்மணியோ கெட்டுப்போகவில்லை. பிறர் துன்பத்தைப் புரிந்துகொண்டார்.

நார்மண்டி மக்களுக்கு வேறொரு கவலை. "இது யாருடைய கதை?" என்று தேடினார்கள். ரீ என்னும் சிற்றூரில் 1848இல் இளவயதிலேயே இறந்துபோன, டெல்பின் டெலமார் என்னும் மருத்துவர் மனைவியின் கதை என்று பலர் சொன்னார்கள். முழுக்கக் கற்பனை என்றார் ஃபிளாபேர். ஆனால், எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே, தம் எம்மா பிரான்சின் இருபது கிராமங்களில் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். அந்த எண்ணிக்கையில் உண்மை இருக்கிறது. ஒரு பெயரைக் கண்டுபிடித்து, "அவள்தான்" என்று சொல்லிவிட்டால், மற்ற பத்தொன்பது வீடுகளைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

நேயர்களே, இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருகிறேன். பினார் எடுத்துக்கொண்ட நான்கு காட்சிகளில் ஒன்றிலும் துணிக் கடைக்காரர் வரவில்லை. எம்மாவின் கதையை முடித்ததில் கள்ள உறவுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு லெரே என்னும் அந்தக் கடைக்காரருக்கும் உண்டு. லெரே என்ற பெயருக்கு 'மகிழ்ச்சியானவர்' என்பது பொருள். பெயர் வைப்பதிலும் ஃபிளாபேர் கெட்டிக்காரர்!

லெரே முதன்முதலில் எம்மாவின் வீட்டுக்கு வந்தபோது, அழகிய மேலாடைகளையும் பூவேலை செய்த கழுத்துப் பட்டைகளையும் மேசைமேல் விரித்தார். "பணத்துக்கு என்ன அவசரம்? பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற தோரணையில் பேசினார். தேவைப்பட்டால் கைமாற்றும் தருவதாகக் குறிப்புக் காட்டினார். அன்று எம்மா ஒன்றும் வாங்கவில்லை. ஆனால், கதவு திறந்துவிட்டது. சம்பள நாளில் துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வந்த வியாபாரிகளைப் பார்த்திருக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. ஆனால், "பிறகு கொடுத்தால் போதும்" என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு.

அந்த விலையை ஃபிளாபேர் எண்ணிக்கையோடு காட்டுகிறார். எம்மா நோயுற்றுக் கிடந்த நேரம். சார்லிடம் பணம் இல்லை. மனைவி வாங்கிய பொருள்களுக்காக 180 பிராங்குக்கு ஏற்கெனவே புரோநோட்டு எழுதித் தந்திருந்தார். மேலும் 1000 பிராங்க் கடன் கேட்டார். லெரே உடனே கொடுத்தார். 1070 பிராங்குக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆக மொத்தம் 1250. பள்ளியில் வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆகவே கூட்டிப் பார்த்தேன். கடனில் 70 பிராங்க் இலாபம். 180 பிராங்க் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 பிராங்க் இலாபம். ஓராண்டில் 130. நாவலாசிரியர் தரும் தொகையும் இதுவே. கணக்குத் தவறவில்லை.

அத்தோடு நின்றதா? நோட்டின் தவணை வந்ததும் பணம் கேட்பதற்குப் பதிலாக, லெரே அதைப் புதுப்பித்தார். பழைய கடன் புதுக் கடன் ஆயிற்று. மனைவி தானாகக் கையெழுத்திடச் சட்டம் இடம் தராதல்லவா? அதற்கும் அவர் வழி காட்டினார். கணவன் சார்பில் பணக் காரியங்களைக் கவனிக்கும் அதிகாரப் பத்திரத்தை எம்மா எழுதி வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் ருவானில் அவள் லெயோனின் கையைப் பற்றியபடி விடுதியிலிருந்து வெளியே வருவதை லெரே பார்த்துவிட்டார். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து பணத்தைக் கேட்டார். அவள் இரகசியமே அவருக்கு ஈடாயிற்று. கள்ள உறவும் கடனும் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தன. கடனை மறைக்கப் பொய். பொய்யைக் காக்க மேலும் கடன்.

கடைசியில், 24 மணி நேரத்துக்குள் 8000 பிராங்க் கட்ட வேண்டும் என்று நீதிமன்ற ஆணை வந்தது. ஃபிளாபேர் இந்நூலுக்குப் பெற்ற 800 பிராங்கை நினைத்துப் பாருங்கள். அதைப்போல் பத்து மடங்கு! லெயோன் உதவவில்லை. நோட்டாரி ஒருவர் அவளுடைய இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தார். ரொதோல்ஃப் பணம் இல்லை என்று கைவிரித்தார். தன்மேல் உயிராக இருந்த கணவனிடம் மட்டும் அவள் மனம் விட்டுப் பேசவே இல்லை. நஞ்சுண்டு மாண்டாள். அவன் கோபித்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஆனால் மன்னித்திருப்பான் என்பதை அவன் பின்னர் நடந்துகொண்ட விதமே காட்டுகிறது. எவ்வளவு பெரிய கடனானாலும் அதைப் பேசித் தீர்க்கலாம்; தவணை கேட்கலாம்; உறவினரைக் கூப்பிடலாம். போன உயிருக்குத் தவணை இல்லை.

இதே நாவலில் இன்னொரு பெண்ணும் வருகிறாள். படிப்பவர்கள் அவளை எளிதில் மறந்துவிடுகிறார்கள். உழவர் விழா ஒன்றில் பரிசளிப்பு நடக்கிறது. கதரீன் லெரூ என்னும் முதிய பணிப்பெண்ணை மேடைக்கு அழைக்கிறார்கள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் உழைத்தவள். அதற்காக அவளுக்குக் கிடைத்தது, 25 பிராங்க் மதிப்புள்ள ஒரு வெள்ளிப் பதக்கம். வேலை செய்து செய்து காய்த்துப்போன கைகளோடு, கூட்டத்தைக் கண்டு அஞ்சி நிற்கிறாள். அதே நேரத்தில், மேலே ஓர் அறையில் ரொதோல்ஃப் எம்மாவிடம் காதல் வசனம் பேசிக்கொண்டிருக்கிறார். முன்னொரு சமயம், நகங்களைத் துலக்க எலுமிச்சம் பழத்துக்கு மட்டும் ஒரே மாதத்தில் எம்மா செலவிட்ட தொகை 14 பிராங்க். ஐம்பத்து நான்கு ஆண்டு உழைப்பின் பதக்கம் 25 பிராங்க்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சமுதாயம் எதற்கு என்ன விலை வைத்திருந்தது என்பது புரியும்.

கடைசிக் கணக்கு ஒன்று பாக்கி. எம்மா மறைந்தாள்; சிறிது காலத்தில் சார்லும் மறைந்தார். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுக் கடன் அடைத்தபின் மிஞ்சியது 12 பிராங்க் 75 சாந்தீம். குழந்தை பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப அது வழிச்செலவாயிற்று. பாட்டியும் அதே ஆண்டில் இறந்தாள். ஏழைச் சித்தி ஒருத்தி எடுத்து வளர்த்தாள். பிழைப்புக்காகப் பஞ்சாலை வேலைக்கு அனுப்பினாள். ருவான் வட்டாரம் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போனது. பிரான்சில் 1841இல் வந்த சட்டம், பெரிய ஆலைகளில் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால், சம்பளம் பெறும் ஆய்வாளர்கள் 1874க்குப் பிறகே வந்தார்கள். தாய் துணிக்கு ஆசைப்பட்டாள். மகள் நூல் நூற்கப் போனாள். பினாரும் செனாரும் மணிக்கணக்கில் வாதாடினார்கள். இந்தக் குழந்தையின் வழக்கை எடுத்துப் பேச அங்கே எவரும் இல்லை.

பிற்காலத்தில் பிரான்சின் சட்டங்கள் மாறின. 1907இல் மனைவி தன் கூலியைத் தானே செலவிடும் உரிமை பெற்றாள். கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதி 1938இல் நீங்கியது. கணவனின் ஒப்புதல் இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்கும் உரிமை 1965இல் வந்தது. நெறி தவறுவதற்குத் தண்டனை என்பது 1975இல் ஒழிந்தது. பெண்ணுக்குக் கையெழுத்து உரிமை வந்துவிட்டது. கையெழுத்திடும் முன் கணக்குப் பார்க்கும் பொறுப்பும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. இது ஆண்களுக்கும் பொருந்தும். முதல் நோட்டில் கையெழுத்திட்டவர் சார்ல்தானே?

எம்மாவை வாசகர்கள் பலவாறு தீர்ப்பிட்டார்கள். கெட்டவள் என்றார் ஒருவர். எச்சரிக்கை என்றார் ஒருவர். பாவம் என்று இரங்கினார் ஒருவர். என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: அவள் நல்ல சேலை கட்ட ஆசைப்பட்டது குற்றம் இல்லை. உழைப்பவர் வீட்டிலும் அழகுக்கு இடம் வேண்டும். ஆசையைக் கணவனிடம் சொல்லாமல் கடைக்காரரிடம் சொன்னாளே, அங்கேதான் சறுக்கல் தொடங்கியது. கணவனும் மனைவியின் முகத்தில் இருந்த சலிப்பை ஒரு நாளாவது கவனித்துக் கேட்டிருக்கலாம்.

ஆகவே, அடுத்த சம்பள நாளன்று கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து, கடைக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, தொகையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஏனெனில், நாம் தீர்க்காமல் விடும் கணக்கு அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.